முந்திரிக்காட்டு ராஜபார்ட்

ராத்திரி ஒன்பதே முக்கால். மீன்சுருட்டியிலிருந்து தெற்கே பிரிகிற மண்ரோடு... இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. சித்திரை மாதம். விழுந்த பழம் பொறுக்க ஆளில்லாமல் அழுகிக் கிடக்கும். புளித்த கள் வாடை அடிக்கும். மூன்று மைலுக்கு ஒரு வீட்டு வெளிச்சம் கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு டிவிஎஸ் 50 வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான்.

அந்த ரோட்டில், அந்த நேரத்தில், தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தவன் அவன் ஒருவன்தான். பேர் காசிநாதன். நம் கூட்டாளி குழந்தைவேலுக்குத் தாய்மாமன். குழந்தைவேல் இன்றைக்கு வராதது நல்லதாகப் போயிற்று, இருந்தால் இதைச் சொல்ல விடமாட்டான். அவன் போய்க்கொண்டிருந்த ஊர்ப் பேரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே இன்னும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண்பத்தைந்தாம் வருஷம். காசிநாதனுக்கு ஜெயங்கொண்டத்தில் மைக்செட் கடை. காதுகுத்து, கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவன் குழாய்தான் கத்தும். அந்த வருஷம் தையில் ஒரு கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாங்கிவிட்டான். வாங்கினதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ஒரு ராத்திரிக்கு மூன்று படம் போடலாம், ஊர் ஊராகப் போகலாம் என்று கணக்குப் போட்டான். அவனுக்குக் குறுக்கே நின்றது ஒன்றே ஒன்றுதான். நாடகம்.

ராஜா ராணி நாடகம். வருஷத்துக்கு இருபது முப்பது நாடகத்துக்கு மைக் கட்டுகிறவன், ஒன்றைக்கூட முழுசாகச் சகித்ததில்லை. அவன் ஏளனத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. யோசித்துப் பாருங்கள். நாற்பத்தெட்டு வயசு ஆள். தொந்தி. முகத்தில் ஒரு விரற்கடைக்கு ரோஸ் பவுடர். ஜிகினா ஒட்டின அங்கி. அவன்தான் பதினெட்டு வயசு இளவரசன். தோட்டத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். பிடித்துவிடுகிறது. அதைச் சொல்ல மூன்று மணி நேரம். ஒரு வரியைப் பாடுவான், அதையே திருப்பிப் பாடுவான், அதையே மேலே கொண்டுபோய் இழுப்பான், பிறகு கீழே வந்து தண்ணீர் குடிப்பான். எதிரே பகலெல்லாம் கடலை பிடுங்கின சனம், கொட்டாவிகூட விடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும். அடுத்த வரி என்னவென்று அத்தனை பேருக்கும் தெரியும். போன வருஷமும் அதே வரிதான். அவர்கள் அப்பன் காலத்திலும் அதே வரிதான். இருந்தும் அழும்.

"என்ன எழவுக்கு அழுவுறாங்கன்னே தெரியல" என்பான் காசிநாதன். "புடிச்சிருக்குன்னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிட்டுது. இதுக்கு ஒரு ராத்திரி, ஒரு கொட்டகை, நாலு குழாய்."

அவன் பெண்டாட்டி மலர்க்கொடி இதைக் கேட்டுக்கொண்டே அடுப்பு வேலையைப் பார்ப்பாள். அவள் பிறந்ததே நான் பேர் சொல்லாத அந்த ஊரில்தான். அவளைக் கட்டி ஆறு வருஷம். அவள்மேல் அவனுக்கு உயிர், ஆனால் அதை ஒரு நாளும் வாயால் சொன்னவனில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் வெங்காயம் அரிந்துகொண்டே, தன் ஊரில் வருஷா வருஷம் போடுகிற 'கமலவேணி கல்யாணம்' நாடகத்துப் பாட்டு ஒன்றைப் பாடினாள். "பால் கறக்குற மாடு மிரளப்போவுது, நிறுத்து" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவள் நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் அவன் வீட்டில் அவள் வாயைத் திறந்து ஒரு வரி பாடியதில்லை. சில பெண்கள் சண்டை போடமாட்டார்கள். உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள்.

ஆனால் வருஷத்தில் ஒரு ராத்திரி, அம்மன் திருவிழா நாடகத்துக்கு, பிறந்த ஊர் போய்ப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். அந்த ராத்திரி அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் வீட்டில் ஒரு நாளும் வந்ததில்லை. மைக்செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காசிநாதன் அதைப் பார்த்திருக்கிறான். பார்த்து வயிறெரிந்திருக்கிறான். பவுடர் பூசின ஒரு தொந்திக்காரனுக்காக என் பெண்டாட்டி முகம் இப்படி மலர்கிறதே என்று. உள்விஷயம் அதுதான். டெக்கு, வியாபாரம் எல்லாம் மேல்பூச்சு.

அந்த வருஷம் நாடகத்தையே ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தான். வழியும் கையில் வந்து விழுந்தது.

ஸ்பெஷல் நாடகம் என்றால் கம்பெனி கிடையாது, தெரியுமல்லவா? ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். தனித்தனியாகத் தபால் கார்டு போட்டுக் கூப்பிட வேண்டும். தனித்தனியாகப் பஸ் ஏறி வருவார்கள். கொட்டகையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை ஒன்று, பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். வந்தவன் பாடினால் சரி, அவன் யாரென்று எவனும் கேட்கமாட்டான்.

மலர்க்கொடியின் பெரியப்பா பெரியசாமிதான் ஊர்ப் பெரியதனம். கையெழுத்து நன்றாக இருக்குமென்று காசிநாதனையே கார்டு எழுதச் சொன்னார். புதுசாகப் பேரெடுத்துக்கொண்டிருந்த தர்மராஜ் என்கிற ராஜபார்ட்டுக்கு எழுதினான். ஊரில் யாரும் அந்த ஆளின் முகம் பார்த்ததில்லை. கார்டை அம்மன் காலடியில் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். எடுத்து அவன் கையில் கொடுத்தார் பெரியசாமி.

"எங்கயும் கீழ வெச்சிடாதீங்க மாப்ள. ஆத்தா காலடியில வெச்சுக் கூப்பிட்ட கூப்பாடு. நேரா கொண்டுபோயி பெட்டியில போட்டுடுங்க."

அழைப்பைத் தரையில் போடக்கூடாது என்பது அந்தப் பக்கத்துப் பொடிசுகளுக்குக்கூடத் தெரியும். காசிநாதன் முந்திரிக்காட்டு வளைவில் வண்டியை நிறுத்தினான். ஒன்றுக்கிருந்தான். கார்டை நாலாகக் கிழித்துக் காட்டுக்குள் வீசினான். போய்க்கொண்டேயிருந்தான்.

அதனால்தான் திருவிழா அன்று சிரித்துக்கொண்டு வந்தான். கடைசி பஸ்ஸில் வருகிற ராஜபார்ட்டைப் போய் அழைத்து வரச் சொல்லி அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். போனான். டீ குடித்தான். பஸ் வந்தது, இரண்டு கிழவிகளும் ஒரு ஆட்டுக்குட்டியும் இறங்கினார்கள். திரும்பிவிட்டான். ராஜபார்ட் வரவில்லை என்றதும் கூட்டம் கூச்சல் போடும். அந்த நேரம் பார்த்து, சாக்குப் போட்டு மூடி மேடைக்குப் பின்னால் வைத்திருக்கிற டிவியை எடுத்து நடுவில் வைக்க வேண்டியது. ஒரு தடவை படம் பார்த்துவிட்டால் அடுத்த வருஷம் எவன் நாடகம் கேட்பான்?

அந்த வளைவு வந்தது. வேகம் குறைத்தான். டிவிஎஸ் விளக்கு தெரியுமே, வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். அந்த மங்கலில்... ரோட்டோரம் ஒரு ஆள். தோளில் தகரப்பெட்டி. வெள்ளை ஜிப்பா. ஒல்லி. வயசு இருபத்தைந்துக்குமேல் சொல்ல முடியாது. அத்தனை புழுதி ரோட்டில் நின்ற ஆள் காலில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

"நாடகத்துக்குத்தானே போறீங்க?" என்றான் அந்த ஆள். "நான்தான் ராஜபார்ட்டு."

காசிநாதன் காலை ஊன்றி வண்டியை நிறுத்தினான். "தர்மராஜுங்களா?"

"கார்டு வந்துச்சு. வந்துட்டேன்."

"எந்தக் கார்டு?"

அந்த ஆள் ஜிப்பாப் பையில் கைவிட்டு எடுத்து உள்ளங்கையில் பரப்பிக் காட்டினான். நாலு துண்டு. ஒன்றோடொன்று சரியாகப் பொருத்தி வைத்திருந்தான். காசிநாதனின் கையெழுத்துதான்.

"கிழிஞ்சு கெடந்துச்சு. பரவாயில்ல, எழுத்து முத்து முத்தா இருக்கு. படிக்க முடிஞ்சுது."

வண்டி கடகடவென்று நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. முந்திரிக்கொட்டை பொறுக்க வந்தவன் எவனோ எடுத்து, புதுசாக வேஷம் பழகுகிற எவனிடமோ கொடுத்திருக்கிறான் என்று காசிநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யாரய்யா நீ என்று கேட்டிருக்கலாம். கேட்டால், நீ ஏனய்யா கிழித்தாய் என்று திருப்பிக் கேட்பான். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. "ஏறுங்க" என்றான்.

அந்த ஆள் பின்னால் ஏறி உட்கார்ந்தான். ஒரு மூட்டை பிண்ணாக்கு ஏற்றினாலே மேட்டில் முக்குகிற வண்டி அது. அன்றைக்கு இரண்டு ஆளும் பெட்டியும்... முக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. பட்டுத்துணியை வெகுகாலம் பெட்டியில் பூட்டி வைத்துத் திறந்தால் வருமே, அது. கூடவே வேஷக்காரர் முகத்துக்குப் பூசுகிற முத்துவெள்ளை. பழைய தேங்காயெண்ணெய். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டியின் கொண்டி ஆடியது. டக்... டக்... கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ரோட்டில் பள்ளம் நிற்கவில்லை. காசிநாதன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊரில் பெரியசாமி ஓடிவந்தார். "வாங்க வாங்க. நேரமாயிட்டுதேன்னு பயந்துட்டேன்" என்று கையைப் பிடித்தார். பிடித்த கையை உடனே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஏன் துடைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. வந்த ஆள் யாரிடமும் பேசாமல் ஒப்பனைக் கொட்டகைக்குள் போய்விட்டான். டீ வேண்டாம் என்றான். கண்ணாடி கொண்டுபோய்க் கொடுத்தவனிடம், "அது வேணாம், எடுத்துட்டுப் போயிடுங்க" என்றான்.

பத்தரைக்கு நாடகம் ஆரம்பம். பபூன் வந்து போனான். ஸ்திரீபார்ட் பொன்னாயி வந்தாள். வாலிகண்டபுரத்துப் பக்கம், பதினைந்து வருஷமாக மேடை ஏறுகிறவள், எந்த ராஜபார்ட்டையும் பாட்டில் மடக்கிவிடுவாள். பிறகு திரை விலகி ராஜபார்ட் வந்தான்.

பாடினான்.

எனக்கும் இந்த இழுவைப் பாட்டெல்லாம் ஆகாது. அதனால் நான் சொன்னால் நம்பலாம். அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பாட்டு மேடையிலிருந்து வரவில்லையாம். கடைசி வரிசையில் பீடி குடித்துக்கொண்டிருந்தவனுக்குக் காதோரம் கேட்டது. வீட்டில் நோயாகக் கிடந்த கிழவனுக்குத் தலைமாட்டில் கேட்டது. அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகள் ஒன்றுபோல் அடங்கின. கல்லுப்போல் இருக்கிற ஆம்பளைகள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பிடித்த பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒருவனுக்கு மூன்று மணி நேரம்கூடப் போதாதோ என்று அன்றைக்குத்தான் அந்தச் சனத்துக்குத் தோன்றியதாம்.

காசிநாதனுக்குத் தோன்றியது வேறு. ஆம்ப்ளிஃபயரில் ஒரு முள் இருக்கும். மைக்கில் சத்தம் போனால் துள்ளும். பொன்னாயி பாடினால் துள்ளியது. ஆர்மோனியத்துக்குத் துள்ளியது. ராஜபார்ட் பாடும்போது... படுத்துக் கிடந்தது. வயர் போயிற்றோ என்று ஆட்டிப் பார்த்தான். மெதுவாக மைக்கையே அணைத்தான். பொன்னாயியின் குரல் சட்டென்று சிறுத்துப்போனது. ராஜபார்ட்டின் குரல் அப்படியே இருந்தது. அவன் காதுக்குள், பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. மறுபடியும் போட்டான்.

நடுவில் ஆர்மோனியக்காரர் உத்திராபதி இறங்கி வந்தார். அரியலூர்க்காரர், எழுபது வயசு. "தம்பி, இந்த ஆளு பாடுற மெட்டு நான் சின்ன வயசுல ஆர்மோனியப் பெட்டி பழகுனப்ப கேட்டது. இப்ப இதப் பாட ஆள் கெடையாது. எங்கேருந்து கூட்டியாந்தீங்க?"

"மீன்சுருட்டி பஸ்ஸ்டாண்டுலேருந்து" என்றான் காசிநாதன்.

உத்திராபதி திரும்பிப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ராஜபார்ட் பக்கம் திரும்பாமலே வாசித்தார்.

காசிநாதன் பெண்கள் பக்கம் பார்த்தான். மலர்க்கொடி முன்வரிசையில்தான் இருந்தாள். கண் இமைக்கவில்லை. வருஷா வருஷம் வருகிற அந்த வெளிச்சம் இல்லை இது. பசியோடு இருக்கிறவள் சோற்றைப் பார்க்கிற பார்வை. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவனுக்கு எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று தோன்றியது. ஆயிரம் பேர் நடுவில், நாடகத்துக்குப் பயந்து பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ஓடினான் மைக்செட்காரன் என்று சிரிப்பார்களே... உட்கார்ந்துவிட்டான்.

மூன்று மணிக்குத் தர்க்கம். கதையில் அதுதான் உயிரான இடம். இளவரசன் பாட்டாலே கேட்பான், கமலவேணி பாட்டாலே பதில் சொல்ல வேண்டும். ஒரு கேள்வியை மூன்று தடவை பாடுவான். மூன்றாவது தடவை முடிவதற்குள் பதில் வர வேண்டும். பொன்னாயியால் முடியாவிட்டால் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். யார் சொல்கிறார்களோ அந்தப் பதில்தான் கதைக்குப் பதில். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பொன்னாயி இரண்டு மூன்று கேள்விக்கு நன்றாகவே சொன்னாள். சொல்லிக்கொண்டே கிட்டப் போனாள். ராஜபார்ட்டின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தாள். பவுடரா, பவுடருக்குக் கீழேயா... என்ன பார்த்தாளோ. பாதி வரியில் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கொட்டகைக்குப் பின்னால் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் மைக்கில் கேட்டது.

ராஜபார்ட் அசையவில்லை. சபையைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, மைக்செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காசிநாதனைப் பார்த்துப் பாடினான்.

கூப்பிட்ட குரலுக்குச் சொந்தக்காரர் யாரம்மா – என்னைக்
கூட்டிவந்து நிறுத்திவிட்டுக் கூசுவதும் ஏனம்மா

ஒரு தடவை. பெரியசாமி "ஆகா" என்றார். இது அவர்கள் கேட்டறியாத கேள்வி.

காசிநாதனுக்குப் புரிந்துவிட்டது. பதில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மைக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. எழுந்து, "நான்தான் கூப்பிட்டேன். கார்டைக் கிழிச்சுக் காட்டுல போட்டது நான்தான்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வந்ததை வந்த வழியே அனுப்பியிருக்கலாம்.

இரண்டாவது தடவை பாடினான். இன்னும் மெதுவாக. பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். மலர்க்கொடி எழுந்து நிற்பது காசிநாதன் கண்ணில் பட்டது. அவன் மைக்கை எடுத்தான். வாய்வரை கொண்டுபோனான். ஊரே நாளைக்குக் காறித் துப்பும். ஆத்தா காலடியில் வைத்ததைக் கிழித்தவன் என்று கடை முன்னால் வந்து நிற்பார்கள். எதற்கு? இந்தக் கூத்தாடிக்காகவா? ஒரு நாடகத்துக்காகவா நான் ஊர் முன்னால் தலைகுனிவது?

மூன்றாவது தடவை முடிந்தது. மைக்கை வாயருகே பிடித்தபடி அவன் உட்கார்ந்தேயிருந்தான்.

அப்போது ஒரு பெண்குரல் எழுந்தது.

கூப்பிட்டது நானய்யா, குற்றமென்ன கூறய்யா – இத்தனை நாள்
காத்திருந்த வாசலிலே கால்வைத்து ஏறய்யா

மலர்க்கொடி. ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் காசிநாதன் அவள் பாட்டைக் கேட்டான். அப்படி ஒரு குரல் தன் வீட்டு அடுப்படியில் இத்தனை வருஷமாக வாய்மூடிக் கிடந்தது அவனுக்குத் தெரியாது. அழுகை வந்துவிட்டது அவனுக்கு. அசட்டுத்தனமாக, அந்தச் சனம் அழுகிற மாதிரியே அழுதான்.

ஊர் கைதட்டியது. பெரியசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வூட்டுப் பொண்ணு" என்று துண்டைத் தூக்கி ஆட்டினார். மலர்க்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். கதைப்படி பதில் சொன்னவளுக்குக் கல்யாணம். மேடைக் கல்யாணத்தில் கயிற்றை எடுத்துக் கழுத்துப் பக்கம் காட்டுவார்கள், முடிச்சுப் போடமாட்டார்கள். திரையை இழுத்துவிடுவார்கள். ராஜபார்ட் தகரப்பெட்டியைத் திறந்தான். மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்தான். தண்ணீரில் நனைத்து எடுத்தாற்போல அதிலிருந்து மஞ்சள் சொட்டியது. திரை இழுக்கிறவன் திரைக் கயிற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"மலரு... வேணாம்... எறங்கு" என்று கத்தினான் காசிநாதன். கையில் மைக் இருந்தது. முள் துள்ளியது. நாலு குழாயிலும் அவன் குரல் ஊருக்கே கேட்டது. அவள் மட்டும் திரும்பவில்லை.

அப்போதும் அவன் உண்மையைச் சொல்லவில்லை. மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான்.

கும்மிருட்டு. குழாய் அடங்கியது. கூட்டம் 'ஓ' என்றது. பிறகு அதுவும் அடங்கியது. ஏனென்றால்... பாட்டு நிற்கவில்லை. இருட்டுக்குள் இரண்டு குரல். ஒன்று ஆண், ஒன்று பெண். ஒன்று விட்ட இடத்தில் ஒன்று எடுத்தது. நடுவே ஆர்மோனியமும் கேட்டது. ஆனால் உத்திராபதி பெட்டியை விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்து காசிநாதனின் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை... கயிறு இறுகுகிற சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்கள். ஆயிரம் பேர் நடுவில் கயிற்றுச் சத்தம் கேட்குமா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்குக் கேட்டது.

யாரோ பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்தார்கள். மேடையில் மலர்க்கொடி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. கழுத்தை முந்தானை மூடியிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ராஜபார்ட் இல்லை, பெட்டி இல்லை. பலகையெல்லாம் அழுகின முந்திரிப்பழம் நசுங்கிக் கிடந்தது. நல்ல கட்டத்தில் கரண்டை நிறுத்திவிட்டான் என்று இளவட்டங்கள் காசிநாதனை இரண்டு சாத்து சாத்தினார்கள். வாங்கிக்கொண்டான். அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, விடிவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். தப்பித்தோம் என்றுதான் நினைத்தான்.

மறுவாரம் தர்மராஜைத் தேடிப் போனான். அவர் குண்டான ஆள், மீசை வைத்தவர். கார்டே வரவில்லை என்றார். அந்த ராத்திரி பெரம்பலூர்ப் பக்கம் வேறொரு திருவிழாவில் விடியவிடிய ஆடிக்கொண்டிருந்தாராம்.

மலர்க்கொடி எழுந்து நடமாடினாள். சமைத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாயங்காலம் ஆனால் பாடினாள். காசிநாதன் ஒரு தடவைகூட நிறுத்து என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். அஞ்சு நிமிஷத்தில் சொல்ல வேண்டியது என்று அவன் கேலி பண்ணினதையெல்லாம் அவளிடம் சொன்னான். உன்மேல் எனக்கு உயிர், உன் பாட்டுமேல் உயிர், என்னை மன்னித்துவிடு என்று மணிக்கணக்காகச் சொன்னான். கார்டு கிழித்ததையும் சொன்னான். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அன்னியர் யாரோ வந்து உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொன்னால் கேட்போமே, அந்த மாதிரி.

பத்தாம் நாள் காலையில் அவன் முன்னால் வந்து நின்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் கட்டின தாலியைக் கழற்றி, அலம்பி, ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.

"மைக்செட்காரரே, இது யாரோடதோ எங்கிட்ட இருந்துட்டுது. உங்க வூட்டு நகையான்னு பாருங்க. அவரு வந்தா தப்பா நெனச்சுக்குவாரு."

காசிநாதன் அதைக் கையில் வாங்கிக்கொண்டான். அவன் வேறென்ன செய்வான்.

அதெல்லாம் ஆகி நாலு வருஷம். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். டெக்கையும் மைக்செட்டையும் விற்றுவிட்டான். போன பொங்கலுக்குக் குழந்தைவேல் போயிருந்தான். அத்தை சிரித்த முகமாக வந்து சோறு போட்டாளாம். குனிந்து பரிமாறும்போது அவள் கழுத்திலிருந்து ஒரு மஞ்சள் கயிறு முன்னால் வந்து தொங்கியது. அதிலிருந்து இலையில்... சொட்டு... சொட்டு. நாலு வருஷமாக அந்தக் கயிறு காயவில்லை.